அந்த வீட்டுக்குப் போகாதே என்று சொன்னவர்கள் நாங்கள்தான்



நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "சேர், யாருட வீட்டக் கதைக்கிறீங்க" என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். பெயர் சொல்ல மாட்டோம். இரண்டு வீட்டு உம்மாமாரிடமும் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறோம். அந்தப் பெரிய பிள்ளைக்கு எழுதியதை வாசித்தும் காட்டினோம். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பாவம் புள்ள எண்டு மட்டும் எழுத வேணாம் சேர்."

எழுதவில்லை. பாவம் யார் என்பதை வாசித்து முடித்த பிறகு நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்று. "நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்கு இல்லை. நடந்த பிழை ஆசிரியர் அறையில் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டு செய்த பிழை. அதை ஒருவர் தலையில் போடவும் முடியாது, எழுதுகிறவர் மட்டும் கைகழுவி விலகவும் முடியாது.

எங்களிடம் தரம் 4 இல் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். வாய் திறக்க மாட்டாள். இடாப்புக் கூப்பிட்டால் "வந்தேன்" என்பாள், அதுவும் உதடு அசைவதைப் பார்த்துத்தான் அடையாளம் போட வேண்டும். மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, கதிரையிலேயே உடுப்பை நனைத்துக்கொண்டு இருந்த நாளும் உண்டு. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் இருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நிறையப் படித்தோம். முன் வரிசையில் இருத்து, சிறு பொறுப்புக் கொடு, குழுவில் சேர், பாட்டுப் பாடவை. கரும்பலகை துடைக்கிற பொறுப்புக் கொடுத்தோம். துடைத்தாள். பேசவில்லை. குழுவில் சேர்த்தோம். குழு பேசியது, அவள் பேசவில்லை. மீலாத் விழாவுக்கு மேடையில் ஏற்றினோம், அழுதாள். பிறகு நாங்களும் "அது அப்படித்தான்" என்று விட்டுவிட்டோம். உண்மை அதுதான்.

அவளுடைய வீட்டுக்குப் பின்வேலியில் இன்னொரு வீடு. அந்த வீட்டில் 16 வயதில் ஒரு பிள்ளை. பார்த்தால் 11 வயது சொல்வீர்கள். கறுத்துப் போன முகம், கன்னத்து எலும்பு முன்னுக்கு வந்திருக்கும். தலசீமியா. பிறந்து ஒரு வயது ஆவதற்குள் கண்டுபிடித்தது. நாலு கிழமைக்கு ஒருமுறை குருநாகல் போதனா வைத்தியசாலையில் இருக்கிற தேசிய தலசீமியா நிலையத்துக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறாள். அவளும் எங்கள் பாடசாலைப் பிள்ளைதான். தரம் 9 வரை படித்தாள். கிளினிக் நாள், இரத்தம் ஏற்றுகிற நாள், காய்ச்சல் நாள் என்று வரவு குறைந்துகொண்டே போனது. ஒருநாள் இடாப்பில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டோம். வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்தோமா? இல்லை. அவளுடைய பைகள் இரத்தத்தையும் எங்களுடைய சிவப்புக் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த இரண்டு பேரும் சிநேகிதிகளானது நோன்பில். அஸருக்குப் பிறகு பள்ளியில் கஞ்சி ஊற்றுவார்கள் தானே. சின்னவளை உம்மா வாளியோடு அனுப்புவார். பெடியன்கள் தள்ளுகிற தள்ளில் இவள் வரிசையை விட்டு வெளியே வந்து விழுவாள். ஒருத்தரிடமும் சொல்லவும் மாட்டாள். வெறும் வாளியோடு வீட்டுக்குப் போகப் பயந்து பின்வேலியில் நின்றுகொண்டிருப்பாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பெரியவள் இதைக் குசினி வாசலில் இருந்து கண்டுவிட்டாள். "வாளியக் கொண்டா இங்க" என்று அதட்டி, தங்கள் கஞ்சியில் பாதியை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். மறுநாளும் அப்படி. நோன்பு முடிந்து பெருநாளும் போனது. கஞ்சி நின்றது, சின்னவள் போவது நிற்கவில்லை.

அங்கே போய் என்ன செய்தாள்? முதலில் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தாள். தலசீமியா பிள்ளைக்கு வருத்தத்தை விட வைத்தியமே பெரிய வேலை. இரத்தம் ஏற்றும்போது அதோடு இரும்பும் உடம்புக்குள் போய்ச் சேர்கிறது. அதை வெளியேற்றுகிற வழி மனித உடம்புக்கு இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிகிறது. அதனால் இரும்பை இழுத்து வெளியே கொண்டுபோகிற மருந்து வேண்டும். சிலருக்குக் குளிசை. அவளுக்குக் குளிசையோடு டெஸ்ஃபெரல் ஊசியும். வயிற்றுத் தோலுக்குக் கீழே சின்ன ஊசியைக் குத்தி, பிளாஸ்டர் ஒட்டி, கைக்கடக்கமான ஒரு பம்பில் மாட்டிவிட்டால், அது எட்டுப் பத்து மணித்தியாலம் மெதுவாக மருந்தைத் தள்ளிக்கொண்டு இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. கிழமையில் ஐந்து ஆறு இரவு. வருடக்கணக்கில்.

இரண்டு வருடம் எங்களிடம் ஒரு கேள்வி கேட்காத பிள்ளை, அந்தப் பம்பைப் பார்த்துக் கேட்டாளாம், "இது என்ன செய்யுது?" என்று.

பெரியவள் விளக்கம் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு மஃரிபுக்குப் பிறகு ஊசி போடுகிற நேரத்துக்குச் சின்னவள் அங்கே இருப்பாள். ஊசியைத் தொட விட்டதில்லை. பிளாஸ்டரை அளவாக வெட்டி விரல் நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பதுதான் அவளுடைய வேலை. ஊசி ஏறியதும் பெரியவள் சொல்வாளாம், "இப்ப வாசி." சின்னவள் தன் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசிப்பாள். "சத்தமா. எனக்குக் காது கேக்குதில்ல." காதில் ஒரு குறையும் இல்லை அவளுக்கு. சின்னவள் சத்தமாக வாசிப்பாள். நாங்கள் மேடை போட்டும் வாங்க முடியாத சத்தத்தை, படிப்பு நின்றுபோன ஒரு பிள்ளை பாயில் படுத்துக்கொண்டு வாங்கினாள். பயிற்சிச் சான்றிதழ் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிய வந்தது ஒரு கட்டுரையால். "எனது நண்பி" என்று எழுதச் சொன்னோம். எல்லாப் பிள்ளையும் வழமைபோல, "எனது நண்பியின் பெயர் இன்னது, அவள் நீண்ட கூந்தல் உடையவள்" என்று எழுதியது. இவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எனது நண்பிக்கு 16 வயது என்று தொடங்கி, இரத்தம் ஏன் ஏற்றுவது, இரும்பு எங்கே போய்ச் சேர்வது, பம்பு எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்குக் கழற்றுவது, டெஸ்ஃபெரல் போட்டால் சிறுநீர் சிவப்பாக வரும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, அது இரும்பு வெளியே போவது என்று கடைசி வரை. எழுத்துப் பிழை நாலோ ஐந்தோதான்.

நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தோம் தெரியுமா? "யார் எழுதித் தந்தது?" என்று கேட்டோம். அவள் பேசவில்லை. எப்போதும் பேசாத பிள்ளை அன்று பேசாததை மட்டும் களவுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். உம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

உம்மா வந்து விசயத்தைச் சொன்னபோது ஆசிரியர் அறையில் வேறு மூன்று நாலு உம்மாமாரும் இருந்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அது ஒட்டுமாம் என்றார் ஒருவர். கண்ணூறு பட்ட வீடு, சின்னப் பிள்ளையை அனுப்புவதா என்றார் இன்னொருவர். பல்கலைக்கழகம் போய் வந்த ஒருவர், "ஒட்டாதுதான், ஆனா அது பரம்பரை வருத்தம், பிறகு நம்மட பிள்ளையையும் சேத்துப் பேசுவாங்க" என்றார். ஒட்டும் என்று நினைத்தவர் அறியாமல் சொன்னார். இவர் அறிந்துகொண்டே சொன்னார். எங்களுக்கு அதிகம் கோபம் இவரில்தான்.

ஆனால் கடைசி அடி எங்களுடையது. அடுத்த வருடம் புலமைப்பரிசில் வருகிறது, பின்னேரம் டியூஷனுக்குப் போடுங்கள், அந்த வீட்டில் நேரத்தை வீணாக்க விட வேண்டாம் என்று அந்த உம்மாவுக்குப் புத்தி சொன்னோம். கண்ணூறு என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லப் புலமைப்பரிசில் இருந்தது. இந்த ஊரில் எந்த ஈவிரக்கமில்லாத வேலைக்கும் போர்த்திக்கொள்ளக் கிடைக்கிற சுத்தமான போர்வை அது. மையித்து வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாததற்கும் புலமைப்பரிசில், உம்மம்மாவைப் பார்க்கப் போகாததற்கும் புலமைப்பரிசில்.

உம்மா சேர்மார் சொல்லைத் தட்டவில்லை. பின்வேலிக்குத் தகரம் அடித்தார்கள்.

நாலு கிழமை போனது. வகுப்பில் அந்த "வந்தேன்" உதடு அசைவும் நின்றது. பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டியூஷன் வகுப்பில் வாந்தி எடுத்தாள். நாங்கள் அப்போதும் இரண்டையும் பொருத்திப் பார்க்கவில்லை.

ஒருநாள் பெரியவளுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். பிள்ளை இடைவிலகிய பிறகு அவர் வாசல் மிதித்தது அதுதான் முதல் தடவை. விடுகைப் பத்திரம் எடுக்க வந்ததாகக் காரியாலயத்தில் சொன்னார். பத்திரத்தை எழுதி நீட்டியபோது அதை வாங்காமல் நின்றார். பிறகு சொன்னார்: "சேர், 23 நாளா மெசின் போட உடுறாளில்ல. அடிச்சும் பாத்துட்டன். ஆருக்காகப் போடணும் எண்டு கேக்குறாள். அந்தச் சின்னப் புள்ளைய ஒருக்கா வரச் சொல்லுங்களேன்."

23 இரவு. இரும்பு இதயத்தில் படிவது டியூஷன் முடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்காது. தலசீமியா பிள்ளைகளின் உயிரை எடுப்பது பெரும்பாலும் இரத்தக் குறைவில்லை, இரும்பு ஏறிய இதயம்தான். பதின்ம வயதில்தான் இந்தப் பிள்ளைகள் அதிகமாக மருந்தை வெறுக்கிறார்கள். நாங்கள் புத்தி சொன்ன அழகில் அந்தப் பிள்ளையின் 23 நாள் மருந்தை நிறுத்தியிருக்கிறோம். இதை எந்த வார்த்தை போட்டு மெழுகுவது?

அன்று பின்னேரமே எங்களில் இரண்டு பேர் இரண்டு வீட்டுக்கும் போனோம். மன்னிப்புக் கேட்டோம். சின்னவளின் வாப்பா அதிகம் பேசுகிற மனிதர் இல்லை, மகள் யாரைக் கொண்டிருக்கிறாள் என்பது அன்றுதான் விளங்கியது. அவர் எழும்பிப்போய்த் தகரத்தில் இரண்டைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இனி எங்கள் கதையை விடுங்கள். ஊரோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று இஸ்லாம் பாடத்தில் படிப்பிக்கிறோம். பரீட்சைக்குக் கேள்வியும் போடுகிறோம், புள்ளியும் போடுகிறோம். பிள்ளை அதை எங்களுக்குச் செய்து காட்டியபோது உம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினோம். இந்த மஹல்லாவில் அந்தப் பெரிய பிள்ளையைப் பார்க்க, சொந்தக்காரரை விட்டு, கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் போனீர்கள்? அவளுடைய உம்மாவிடம் கேட்டோம். விரல் விட்டு எண்ணினார், ஒரு கை போதுமாக இருந்தது. அதிலும் ஒருவர் மீட்டர் பார்க்க வந்தவர்.

அந்த வீட்டுக்காரரும் ஒளிக்கிறார்கள், உண்மைதான். கிளினிக்குக்கு சுபஹோடு ஓட்டோவில் ஏறி, கேட்டால் மாமி வீட்டுக்கு என்று சொல்கிறார்கள். ஏன்? மூத்தவள் ஒருத்தி கல்யாணத்துக்கு இருக்கிறாள். வருத்தக்கார வீடு என்று பெயர் வந்தால் வாசலுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று பயம். பயம் வீண் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல உங்களில் யாராவது தயாரா? நாமே அவர்களை ஒளிய வைத்துவிட்டு, ஒளிகிறார்கள் என்று குறையும் சொல்கிறோம்.

இது என்ன வருத்தம் என்று ஒருதரம் ஒழுங்காகக் கேளுங்கள். ஒட்டாது. தொட்டாலும், ஒரே சஹனில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. செய்வினையும் இல்லை. உம்மாவிடம் இருந்து ஒன்று, வாப்பாவிடம் இருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் பழுதான பரம்பரை அலகு வந்து சேர்ந்தால்தான் இந்தக் கடும் தலசீமியா. ஒரு பக்கம் மட்டும் வந்தால் அவர் காவி. காவிக்கு வருத்தம் இல்லை. வேலை செய்வார், பந்து அடிப்பார், பிள்ளை பெறுவார், 80 வயதும் வாழ்வார். தான் காவி என்றே தெரியாமல் மௌத்தாகிப் போவார். இந்தப் பதிவை வாசிக்கிற உங்களில் சிலரும் காவியாக இருக்கலாம், எழுதுகிற நாங்களும் இருக்கலாம். இரண்டு காவிகள் முடித்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும். "மூத்ததுக்கு வந்துட்டுது, இனி மூணு பிள்ளைக்கு வராது" என்று கணக்குப் பார்த்த குடும்பம் எங்களுக்குத் தெரியும். கணக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

முஸ்லிம்களுக்குத்தான் வருகிறது, சொந்தத்தில் முடிப்பதால்தான் வருகிறது என்று ஒரு கதையும் இருக்கிறது. சொந்தத்தில் முடித்தால் இருவரும் காவியாக இருக்கிற வாய்ப்புக் கூடும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் குருநாகல் வார்டில் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். சிங்களப் பிள்ளைகளே அதிகம், அவர்களின் உம்மா வாப்பா பலர் சொந்தமே இல்லை. காரணம் பழையது. மலேரியாவுக்கு எதிராக இந்தக் காவிகளுக்கு ஒரு தாங்கும் சக்தி உண்டு. நம்முடைய மாவட்டம் மலேரியா தின்ற மண். 1934, 35 இல் வந்த கொள்ளை நோயில் நாடு முழுக்க சுமார் 80,000 பேர் மௌத்தானார்கள் என்று சொல்கிறார்கள், மோசமாக அடிபட்ட இடங்களில் குருநாகலும் ஒன்று. நூற்றுக்கணக்கான வருடம் மலேரியாவில் தப்பிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. மலேரியா போய்விட்டது, அதைத் தாங்கிய இரத்தம் நம்மிடம் இருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? யாருடைய குடும்பத்தைக் குறை சொல்ல?

இப்போது கல்யாணத்துக்கு வருவோம். மாப்பிள்ளை பார்க்கும்போது என்னென்ன பத்திரம் கேட்கிறோம்? வீட்டு உறுதி கேட்கிறோம். காணி யார் பெயரில் என்று பார்க்கிறோம். ஏ.எல். பெறுபேறு கேட்கிறோம். பெண்ணின் நிறம், உயரம், பல் வரிசை எல்லாம் பார்க்கிறோம். இரத்தம் பற்றி ஒரு துண்டுக் காகிதம் கேட்டால் மட்டும் "ஏன், எங்கட புள்ளைக்கு என்ன குறை?" என்று கதிரையை விட்டு எழும்புகிறோம். அதிலும் பெண்ணைத்தான் பரிசோதிக்கச் சொல்வார்கள், மாப்பிள்ளையைக் கேட்டால் அவமானம். காவி என்பது இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விசயம், ஒருத்தியை மட்டும் பரிசோதித்து என்ன விளங்கும்?

முதற் பரிசோதனை பெரிய விசயமே இல்லை. ஃபுல் பிளட் கவுண்ட், எஃப்.பி.சி. என்று சொல்வோமே, எந்த லேபிலும் செய்வது. அதில் எம்.சி.வி. 80 க்குக் கீழேயும் எம்.சி.எச். 27 க்குக் கீழேயும் இருந்தால், வைத்தியர் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார். சாதாரண இரும்புக் குறைவிலும் இவை குறையும், ஆகவே காகிதத்தைப் பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள். "இரத்தம் குறைவு" என்று வருடக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கிக்கொண்டு இருக்கிறவர்களும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

ஊரில் இதற்குச் சொல்கிற மறுப்பு இரண்டு. ஒன்று, அல்லாஹ் எழுதியது நடக்கும், பரிசோதனை எதுக்கு என்பது. ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறோம். சவூதியில் 2004 இல் இருந்து நிகாஹுக்கு முன் தலசீமியாப் பரிசோதனை கட்டாயம். ஈரானில் 1997 இல் இருந்து. அங்கெல்லாம் கத்ரை நம்பாதவர்களா இருக்கிறார்கள்? உம்றா போய் வந்தால் பேரீச்சம்பழமும் ஸம்ஸமும் கொண்டு வருகிறோம், அவர்களின் இந்த வழக்கத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்தால் குறைந்தா போவோம்?

மற்ற மறுப்பு கொஞ்சம் கனமானது. காவி என்று தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது. இதை உம்மாமார் சொல்லும்போது எங்களுக்குச் சிரிக்க முடியவில்லை. நம்முடைய ஊரை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யோசியுங்கள். காவிப் பெண்ணுக்குக் காவி இல்லாத மாப்பிள்ளை கிடைத்தால், பிறக்கிற பிள்ளைகளுக்குக் கடும் தலசீமியா வராது. ஊரில் பெரும்பாலானவர்கள் காவி இல்லாதவர்கள்தான். அப்படியானால் அவளுக்கு அடைபடுவது ஒரு சின்னக் கதவு மட்டும். தெரியாமல் முடித்து, 16 வருடம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதை விட அந்தச் சின்னக் கதவு அடைபடுவது கஷ்டமா? பெயர் கெடுகிறது என்ற பயத்துக்கு ஒரே மருந்து, ஒருத்தியை மட்டும் தனியாகப் பிடித்துப் பரிசோதிக்காமல் எல்லாரையும் பரிசோதிப்பது. ஓ.எல். எழுதி முடிந்த கையோடு, ஆணும் பெண்ணும், முழு வகுப்பும். அந்த நேரத்தில் கல்யாணப் பேச்சே இல்லை, யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லப் போவதும் இல்லை. காட் அடித்து, மண்டபம் பேசி, உடுப்பும் எடுத்த பிறகு பரிசோதிக்கச் சொன்னால் யார் செய்வார்? செய்தாலும் எந்தக் குடும்பம் அந்த முடிவைத் தாங்கும்? காவின் எழுதுகிற அன்று கேட்கிற கேள்வி இல்லை இது.

பள்ளி நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கொடுத்தோம். "நல்ல விசயம், பார்ப்போம்" என்றார்கள். ஒலிபெருக்கி மாற்றுவதற்குக் கூட்டம் மூன்று தடவை கூடியது. இது இன்னும் பார்க்கப்படுகிறது. வருடத்தில் 52 ஜும்ஆ இருக்கிறது. மே 8 உலக தலசீமியா தினம், அதற்கு நெருங்கிய ஒரு குத்பா போதும். ஹஸரத் அவர்களுக்கு வேண்டிய விளக்கத்தை வைத்தியர்களிடம் இருந்து எழுதி எடுத்துக் கொடுக்க நாங்கள் தயார்.

இரத்தம். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு இரண்டு பை. நாலு கிழமைக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 26 பை. ஒருவர் நாலு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம், ஆகக் கூடினால் வருடத்துக்கு மூன்று. கணக்குப் போடுங்கள், தரம் 4 பிள்ளையே போடும். அந்த ஒரு பிள்ளை நடமாட ஒன்பது பேர் வேண்டும். ஜும்ஆவுக்கு முற்றம் வரை ஸஃப்பு நிற்கிற ஊரில் ஒன்பது பேர். 16 வருடமாக அவளுக்கு ஏறிய இரத்தம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? வெசாக்குக்கும் பொசனுக்கும் பன்சலைகளில் முகாம் போடுகிறார்கள், வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். அதில் எத்தனை பை நம்முடைய பிள்ளைகளின் நரம்பில் ஓடுகிறது என்று ஒரு கணக்கும் இல்லை, அவர்கள் கேட்டதும் இல்லை. நாம் எத்தனை முகாம் போட்டோம்? எங்களுக்குத் தெரிந்து ஒன்று. அதுவும் அமைச்சர் வரவில்லை என்று பாதியில் கலைந்தது.

18 வயது முடிந்திருக்க வேண்டும், நிறை 50 கிலோவாவது இருக்க வேண்டும், இரத்தம் போதுமான அளவு இருக்க வேண்டும். மற்றதை அங்கேயே பரிசோதித்துச் சொல்வார்கள். எங்கள் பாடசாலையில் கொடுக்கத் தகுதியான ஆசிரியர்கள் 11 பேர். போன மாதம் 7 பேர் போய்க் கொடுத்தோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, 16 வருடம் பிந்திப் போனோம். மிச்சம் நாலு பேரும் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று தெரியும்.

பாடசாலையில் வேறு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரியவளின் பெயரைத் திரும்ப எழுத வழி தேடினோம். வயதும் வகுப்பும் பொருந்தவில்லை, வலயக் கல்விக் காரியாலயத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. அது வரும்வரை ஓ.எல். பாடக் குறிப்புகளை நாளுக்கு ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கணிதம் நல்லாச் செய்கிறாள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதவும் யோசிக்கிறாள். மெசின் திரும்பப் போடத் தொடங்கிவிட்டாள், இரும்பு அளவு கூடியிருப்பதாக கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள், குளிசை மாற்றியிருக்கிறார்கள். குறையுமா என்று மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். 23 நாளுக்கு நாங்கள் அல்லாஹ்விடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சின்னவள் வகுப்பில் இன்னும் பெரிதாகப் பேசுவதில்லை. அதிசயம் எதுவும் நடக்கவில்லை, யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இடாப்புக் கூப்பிட்டால் இப்போது "வந்தேன்" கேட்கிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டுரைக்குப் புள்ளி போடாமல் வைத்திருந்தோம். போட்டுக் கொடுத்துவிட்டோம்.

போன வியாழக்கிழமை மேசையில் ஒரு லீவுக் கடிதம் இருந்தது. அவளுடைய கையெழுத்து, கீழே வாப்பாவின் கையொப்பம். வருகிற செவ்வாய்க்கிழமை தாத்தாவுக்கு இரத்தம் ஏற்றுகிற நாள், தாத்தாவோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆகவே லீவு தரவும் என்று எழுதியிருந்தது. இதைப் பற்றி ஏற்கனவே ஓட்டோ ஸ்டாண்டில் கதை ஓடுகிறதாம். புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைக்கு இப்படியும் லீவு கொடுப்பார்களா என்று.

கொடுத்திருக்கிறோம். கேள்வி இருக்கிறவர்கள் திங்கட்கிழமை 7.30 க்கு முன் பாடசாலைக்கு வரலாம். செவ்வாய்க்கிழமை எங்களில் இரண்டு பேர் இருக்க மாட்டோம். அவர்களோடு குருநாகலுக்குப் போகிறோம். ஓட்டோவில் இரண்டு இடம் இருக்கிறது.